ஈசூன் நிலையத்தில் யார் குறி?

பயங்கரவாதம் என்றால் என்ன? உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற விளக்கம் இன்னும் இல்லை. உட்லண்ட்ஸ்வாசியான எனக்கு ஈசூன் எம்ஆர்டி நிலையமே விளக்கம்.

அங்கு பேருந்து ஏறும் அமெரிக்கப் படையினரைத் தாக்க, ஜெமா இஸ்லாமியாவினர் வேவு பார்த்து வீடியோ எடுத்தார்கள். அது ஆப்கானிஸ்தானில் அகப்பட்டது. 2001 டிசம்பரில் 15 பேர் கைதாகி, 13 பேர் காவலில் வைக்கப்பட்டனர். குறி படையினர்தானே என்பீர்கள். குண்டு சீருடை பார்த்தா வெடிக்கும், நேயர்களே?

1965 மார்ச் 10, மெக்டோனல்ட் ஹவுஸ். சாதாரண உடையில் வந்து குண்டு வைத்தவர்கள் இந்தோனீசியப் படைவீரர்கள். மாண்ட மூவரில் இருவர் வங்கி ஊழியர்கள், ஒருவர் ஓட்டுநர். கொல்லப்படுபவர் யாரோ, மிரட்டப்படுபவர்கள் நாமெல்லாம்.

அந்த மிரட்டல் நம் புளோக்கிலும் வேலை செய்யும். கைதுச் செய்தி வந்த மறுநாள் மின்தூக்கியில் மலாய் அண்டைவீட்டாரைப் பார்த்ததும் நம் பேச்சு நின்றால், குண்டு வெடிக்காமலே அவர்கள் நினைத்தது நடந்துவிடுகிறது.