பாம்புக்கு வேண்டிய வெம்மை

மார்கழி, தை மாதங்களிலே பல்லேகலவைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் விடியற்பனி கவிந்திருக்கும். கதிரவன் மேலெழுந்து பாறைகள் சூடேறிய பின்னரே சாரைப்பாம்பு மறைவிடத்தை விட்டு வெளிப்படும். போதிய வெம்மை பெற்றதும் மீண்டும் நிழலை நாடும். பாம்பைக் கூட்டில் வளர்ப்போர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

மனிதராகிய நாம் உண்ணும் உணவிலிருந்தே உடல் வெம்மையை ஆக்கிக்கொள்கின்றோம். பாம்போ அதனைப் புறத்திலிருந்து பெறவேண்டும். வெம்மை குன்றினால் விழுங்கிய இரை செரியாது. அதனைக் கக்கிவிடுதலும் உண்டு. நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளரும். விதிவிலக்கு மிக அரிது. வெங்கிணாந்தி என்று நாம் வழங்கும் மலைப்பாம்பின் இனத்தில், அடைகாக்கும் தாய் தன் தசைகளைத் துடிக்கச் செய்து முட்டைகளுக்குச் சூடு தரும். சூழலின் வெப்பம் 33 பாகை சென்ரிகிரேட்டுக்குக் கீழே இறங்கும்போது அத்துடிப்பு எழுவதை 1966ஆம் ஆண்டில் நியூயோர்க் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர்.

நம் உறவினர் பலர் வாழும் கனடா, இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளிலே, கூட்டிற் பிறந்த பாம்புகளை இல்லங்களில் வளர்க்கும் வழக்கம் உண்டு. அவற்றிற்கு எவ்வகை வெப்பக் கருவி ஏற்றது என்று விலங்கியல் மாணவர் வினவுவர். மின்குமிழ் மேலிருந்து கதிரவனைப் போலச் சூடு தரும். ஆயின் இரவிலும் ஒளிர்ந்தால் பாம்பின் இராப்பொழுது கெடும். பீங்கான் வெப்பக் கருவி ஒளியின்றியே சுடும். கூட்டின் அடியில் விரிக்கும் மின்பாய் தரையை வெதுவெதுப்பாக்கும். காற்றை அவ்வளவாகச் சூடேற்றாது.

எனினும், எக்கருவி என்பதனினும், எவ்வாறு அமைப்பது என்பதே பெரிது. கூட்டின் ஒரு பக்கம் வெம்மையாகவும் மறுபக்கம் தண்மையாகவும் இருத்தல் வேண்டும். வட அமெரிக்காவின் சோளப்பாம்புக்கு ஒருபுறம் 30 பாகையும் மறுபுறம் 24 பாகையும் ஏறக்குறையப் பொருந்தும். இருபுறமும் ஒளிந்திருக்க இடம் வேண்டும். சூடு மிகுந்தால் மின்னோட்டத்தைத் தானே தடுக்கும் தேர்மோஸ்டாட் இன்றி எக்கருவியையும் இயக்கலாகாது. சுடுபொருளின் மீதே கிடந்து, விலகாது தீப்புண் பட்ட பாம்புகள் பல. ஆதலின் குமிழைச் சுற்றிக் கம்பிவலையும் இன்றியமையாதது.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் ஜோன் புறொக்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணி. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஊர்வன இல்லத்திலே, இடத்திற்கு இடம் வேறுபடும் மின்வெப்பத்தை அவர் அமைப்பித்தார்.

கூட்டில் அடைபட்ட உயிர் தன் வெம்மையைத் தானே தேடிச்செல்ல இயலாது. தேர்ந்துகொள்ளும் அவ்வுரிமையை அதற்கு மீட்டளிப்பதே வளர்ப்போர் கடன். நம் மலைநாட்டுப் பாம்புகளுக்கோ பாறையும் புதரும் அதனை இயல்பாகவே அளித்துள்ளன. அவற்றைப் பிடித்து அடையாது, வந்த வழியே செல்லவிடுதல் நம் கடனாகும்.