ராட்டினத்துல எங்க உட்காரணும்? விழுப்புரம் பார்க்கில் ஒரு பிசிக்ஸ் பாடம்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். விழுப்புரமோ, திண்டிவனமோ, ஏதோ ஒரு பார்க். பக்கத்து வீட்டு வாண்டை சீசாவில் ஒரு பக்கம் உட்கார வெச்சுட்டு, மறுபக்கம் நீங்க உட்கார்றீங்க. டமால்! நீங்க தரையில, வாண்டு அந்தரத்துல. `உங்க வெயிட்டுக்கு இதெல்லாம் தேவையா?'ன்னு கிண்டல் வேற.

கொஞ்சம் பொறுங்க. தப்பு உங்க வெயிட்டில் இல்லை, நீங்க உட்கார்ந்த இடத்தில்!

தாத்தா காலத்து சீசா

சீசாவில் எடை மட்டும் ஜெயிப்பதில்லை. எடையையும், நடு அச்சிலிருந்து நீங்கள் இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் வருவதுதான் கணக்கு. ஸ்கூலில் `திருப்புத்திறன்' என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். வாண்டு 20 கிலோ, அச்சிலிருந்து 1.5 மீட்டர் தூரம். பெருக்கினால் 30. நீங்கள் 60 கிலோ என்றால், அரை மீட்டரில் உட்கார்ந்தால் போதும். அதுவும் 30. பலகை சமமாக நிற்கும்.

இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. பம்புசெட் வருவதற்கு முன் கிணற்றில் தண்ணீர் இறைத்த ஏற்றமும் ஒரு சீசாதான். நடுவில் தாங்கி நிற்கும் துலா மரத்தின் மேல் ஒருவர் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் கீழே இறங்கும். பின்பக்கம் நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். அவர் எடை மாறவே இல்லை. நிற்கிற இடம் மட்டும்தான் மாறியது.

விளிம்பில் உட்கார்ந்தா என்ன ஆகும்?

இப்போ கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினத்துக்கு வாங்க. 4 விநாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து அரை மீட்டரில் இருப்பவர் விநாடிக்கு சுமார் 0.8 மீட்டர் வேகத்தில் போகிறார். ஒன்றரை மீட்டரில், விளிம்பில் இருப்பவருக்கு 2.4 மீட்டர். ஒரே ராட்டினம், மூன்று மடங்கு வேகம்!

`வெளியே யாரோ பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்கே?' யாரும் தள்ளவில்லை. உடம்பு நேர்கோட்டில் போகப் பார்க்கிறது. கம்பிதான் அதை உள்ளே இழுத்து வட்டத்துக்குள் வைக்கிறது. இதுதான் மையநோக்கு விசை. 20 கிலோ குழந்தையை விளிம்பில் பிடித்துவைக்க, ஏழரை கிலோ மூட்டையைத் தூக்குகிற அளவு விசை வேண்டும். அரை மீட்டரில் என்றால் இரண்டரை கிலோ அளவே போதும். சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால், விசை நான்கு மடங்காகும். பிஞ்சுக் கை தாங்குமா?

திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். சுற்றும்போது குண்டான அண்ணன் சீட்டும், ஒல்லித் தம்பி சீட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சாய்வாகத்தான் பறக்கும். சாய்வை முடிவு செய்வது வேகமும், மையத்திலிருந்து உள்ள தூரமும்தான். அந்தக் கணக்கில் வெயிட் அடிபட்டுப் போகிறது.

அந்த ரீல்ஸ் மட்டும் வேண்டாம்!

ராட்டினத்தின் விளிம்பில் பைக்கின் பின்சக்கரத்தை உரசவிட்டு, உட்கார்ந்திருப்பவரைச் சுழற்றும் வீடியோக்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். பார்க்க ஜாலி, கணக்குப் போட்டால் பகீர்! விநாடிக்கு ஒரு சுற்று என்றால், மையத்திலிருந்து ஒரு மீட்டரில் இருப்பவர் மேல் புவியீர்ப்பைப் போல் 4 மடங்கு. விநாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 மடங்கு! தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் ரத்தம் தலைக்குப் பாயும். 2018-ல் இங்கிலாந்தில் இப்படிச் சுழற்றப்பட்ட 11 வயதுச் சிறுவன், முகமும் கண்களும் வீங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான்.

கையால் தள்ளும் ராட்டினத்துக்கு நம்ம கைதான் ஸ்பீடு லிமிட். பைக் அந்த லிமிட்டைத் தூக்கிவிடுகிறது.

பார்க்குக்குப் போகும்போது...

* சின்னக் குழந்தைகளை மையத்துக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். விளிம்பு பெரியவர்களுக்கு.

* சுற்றும்போது இடம் மாறாதீர்கள். விளிம்பில் இருப்பவர்கள் மையத்துக்கு நகர்ந்தால், யாரும் தள்ளாமலே ராட்டினம் வேகமெடுக்கும். ஐஸ் ஸ்கேட்டிங் செய்பவர்கள் கையை மடக்கியதும் வேகமாகச் சுழல்வார்களே, அதே கோண உந்தம்தான்.

* ஓடும் ராட்டினத்திலிருந்து குதிக்க வேண்டாம். காலைத் தரையில் வைத்த பிறகும் உடம்பு போன திசையிலேயே ஓடும். முழுதாக நின்ற பிறகு இறங்குங்கள்.

* சீசாவிலிருந்து இறங்கும் முன் எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுந்த நொடியில், அந்தப் பக்கம் தடாலென்று இறங்கும்.

அடுத்த ஞாயிறு சீசாவில் அச்சுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து பாருங்க. `இப்போ மட்டும் எப்படி?'ன்னு வாண்டு கேட்டால், ஏற்றத்துக் கதையைச் சொல்லுங்க!