எதனை ஒன்றெனக் கொள்வது? முன்பள்ளிப் பிள்ளைகள் எளிய உருவங்களை எண்ணுதல் பற்றிச் சில சிந்தனைகள்

மூன்று வயதிற்கும் ஐந்து வயதிற்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு வட்டம், சதுரம், முக்கோணி, செவ்வகம் ஆகியவற்றைக் காட்டி அவற்றை எண்ணப் பழக்குதல் நமது முன்பள்ளிகளில் நாளாந்தம் நடைபெறும் செயலாகும். தாளிலே பல உருவங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 'முக்கோணிகள் எத்தனை?' என்ற வினாவும் அதனருகே ஒரு வெற்றுக் கட்டமும் காணப்படும். பிள்ளை அக்கட்டத்துள் இலக்கமொன்றை எழுதும். ஆசிரியை சரி அல்லது பிழை இடுவார். இத்துணை எளிய செயலைப் பற்றி ஆய்விதழொன்றில் விரித்தெழுத வேண்டுமோ என்று சிலர் வினவலாம். எளிதெனத் தோன்றுவது வளர்ந்தோராகிய நமக்கே. அவ்வினாவினுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. எவை முக்கோணிகள் என்பது ஒன்று; அவை எத்தனை என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை கண்டவரே இரண்டாவதை அணுக முடியும்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். தாளிலே நான்கு முக்கோணிகள் உள்ளன. மூன்று, அடிப்பக்கம் கிடையாக அமைய நிமிர்ந்து நிற்பவை. நான்காவது, உச்சி கீழ்நோக்கியிருக்கத் தலைகீழாக வரையப்பட்டது. பிள்ளை 'மூன்று' என எழுதுகின்றது. பிழைக்குறி விழுகின்றது. பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்பதே அக்குறியின் பொருளாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால் அவ்விடை பல வழிகளிற் பிறந்திருக்கலாம். விரலாற் சுட்டிச் செல்கையில் பிள்ளை ஓர் உருவத்தைத் தவறவிட்டிருக்கலாம். நான்கு என்று சரியாகவே எண்ணிவிட்டு, 4 என்ற இலக்கத்தை எழுதத் தெரியாமல் தனக்குக் கைவந்த 3 ஐ எழுதியிருக்கலாம். வெறுமனே ஊகித்திருக்கலாம். அல்லது, தலைகீழாக நிற்பதனை முக்கோணியென ஏற்காது, எஞ்சிய மூன்றையும் பிசகின்றி எண்ணியிருக்கலாம். இறுதியிற் கூறப்பட்ட பிள்ளையின் எண்ணலிலே குறை யாதுமில்லை. மறுபுறத்தில், தலைகீழ் முக்கோணியை ஒதுக்கிவிட்டு, மேற்புறம் சற்றே தட்டையான நாற்பக்க உருவமொன்றைச் சேர்த்து எண்ணிய பிள்ளைக்கு 'நான்கு' எனச் சரி விழுந்திருக்கும். குறி எதனை அளக்கின்றது என்பதைக் குறியிடுபவரே அறியாத நிலை இது.

பிள்ளை எண்ணினை அடையும் வழி பற்றிய ஆய்வுகளில் ஜெனீவா அறிஞர் ஜீன் பியாசே, அலினா செமின்ஸ்காவுடன் இணைந்து 1941 இல் வெளியிட்ட நூல் முதன்மையானது. ஒரு வரிசையிலுள்ள வில்லைகளை அகலப் பரப்பியவுடன் அவற்றின் தொகையும் கூடிவிட்டதெனச் சிறு பிள்ளைகள் கூறுவதைக் காட்டி, எண்ணின் மாறாமை பற்றிய விளக்கம் ஏறத்தாழ ஆறேழு வயதளவிலேயே வாய்க்கின்றது என்றார் பியாசே. 1974 இல் மக்கரிகிள், மார்கிரட் டொனால்ட்சன் ஆகியோர் அதே சோதனையைச் சிறிது மாற்றினர். வரிசையை ஆய்வாளர் கலைக்காது, குறும்புக்காரக் கரடிப் பொம்மையொன்று 'தற்செயலாக' வந்து கலைப்பதுபோல அமைத்தனர். அப்பொழுது முன்னையிலும் மிகப் பலரான பிள்ளைகள் தொகை மாறவில்லை என்றனர். வளர்ந்தவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றைச் செய்துவிட்டு மீண்டும் அதே வினாவைக் கேட்டால், விடை மாறவேண்டுமென்றே பிள்ளை எண்ணுகின்றது போலும். வகுப்பறையிலே 'வடிவாய்ப் பார்த்து எண்ணும்' என்று ஆசிரியை இரண்டாம் முறை கேட்டதும் சரியான விடையையும் மாற்றிக் கூறும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம்.

1978 இல் றொசெல் ஜெல்மன், கலிஸ்ரெல் ஆகிய இருவரும் எண்ணலின் அடிப்படைகளைப் பகுத்துக் காட்டினர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல்லே உரியது, சொற்களின் ஒழுங்கு மாறலாகாது, இறுதியிற் கூறிய சொல்லே முழுத்தொகையைக் குறிக்கும், எப்பொருளையும் எண்ணலாம், எங்கிருந்தும் தொடங்கலாம். இவற்றுள் மூன்றாவதே கடினமானது. 1990 இல் கரென் வின் வெளியிட்ட ஆய்விலே, ஆறு வரை ஒழுங்காக எண்ணக்கூடிய இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் பலர், 'மூன்று பொம்மை தா' எனக் கேட்டபொழுது கையில் அகப்பட்டதை அள்ளிக் கொடுத்தனர். மூன்றரை வயதளவிலேயே சொல்லும் தொகையும் ஒன்றிணைவது புலப்பட்டது. 'ஒண்டு, ரெண்டு, மூண்டு' என்று ஒப்புவிப்பதனைக் கேட்டு மகிழும் பெற்றோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

உருவங்களைப் பொறுத்தவரை, ஒல்லாந்தரான பியர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலேயும் 1957 இல் முன்வைத்த படிநிலைக் கொள்கை விதந்து கூறத்தக்கது. முதற்படியில் உள்ளவர் உருவத்தை அதன் முழுத் தோற்றத்தினாலேயே அடையாளங் காண்பர். 'கதவு மாதிரி இருக்கிறது, ஆகவே செவ்வகம்' என்பது அவர்தம் தர்க்கம். பக்கம், மூலை என்னும் பண்புகளைக் கொண்டு தீர்மானிப்பது அடுத்த படி. 1999 இல் கிளெமென்ற்ஸ் முதலியோர் ஐக்கிய அமெரிக்காவில் மூன்றரை முதல் ஏழு வயதுக்கு உட்பட்ட தொண்ணூற்றேழு பிள்ளைகளை ஆராய்ந்தனர். வட்டத்தை ஏறத்தாழ எல்லாரும் இனங்கண்டனர். சதுரத்திலும் பிழைகள் சிலவே. முக்கோணியில் ஏறத்தாழப் பத்துக்கு ஆறும், செவ்வகத்திற் பாதிக்குச் சற்று மேலுமே சரியாயின. வட்டத்திற்கு ஒரே தோற்றமே உண்டு. அளவு மட்டுமே வேறுபடும். முக்கோணிக்கோ எண்ணிலடங்காத் தோற்றங்கள். நமது தாள்களிலும் சுவர்ப் படங்களிலும் முக்கோணி எப்பொழுதும் கோயிற் கோபுரம்போல் நிமிர்ந்தே நிற்பதனால், அந்நிலையும் முக்கோணியின் இலக்கணம் என்றே பிள்ளை கற்றுக்கொள்கின்றது.

எண்ணும் உருவமும் சந்திக்கும் இடம், அலகு என்னும் கருத்தாகும். எதனை ஒன்றெனக் கொள்வது என்ற தீர்மானம் இல்லாமல் எண்ணல் இல்லை. ஷிப்லி, ஷெப்பர்சன் ஆகியோரின் 1990 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலே, சில முழு முட்கரண்டிகளையும் இரண்டாக முறிந்த ஒன்றையும் வைத்து, முட்கரண்டிகள் எத்தனை எனச் சிறு பிள்ளைகளிடம் கேட்டனர். பெரும்பாலோர் முறிந்த துண்டுகளைத் தனித்தனியே எண்ணினர். பிள்ளைக்கு இயல்பான அலகு, தனித்துக் கிடக்கும் பொருளாகும். இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சோவியத் உளவியலாளர்களான கல்பெரினும் ஜோர்ஜியெவும் வேறொரு வழியில் இப்பிரச்சினையைத் தொட்டிருந்தனர். கரண்டியால் அரிசியை அளக்கும் பிள்ளைகள், கரண்டி நிரம்பியதா குறைந்ததா எனக் கருதாமல் எத்தனை முறை அள்ளினோம் என்பதை மட்டும் எண்ணியதை அவர்கள் கண்டனர். தனிப்பொருள்களைச் சுட்டி எண்ணுவதுடன் எண் கற்பித்தலைத் தொடங்குவதே இக்குறைபாட்டின் ஊற்று என்பது அவர்தம் வாதம். பின்னர் எல்கோனினும் டவிடொவும் அமைத்த பாடத்திட்டம் அளவிடுதலிலிருந்து எண்ணுக்குச் செல்வது இதன் வழிப்பட்டதே. அப்பாடத்திட்டத்தை முழுமையாக ஏற்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. ஆயினும், அலகு இயற்கையில் கிடப்பதன்று, மனிதர் தம் தேவை கருதித் தெரிவது என்ற அதன் அடிப்படை மறுக்கற்பாலதன்று.

நமது மரபிலும் இதற்குச் சான்றுண்டு. திண்ணைப் பள்ளிகளிற் பயின்ற பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்னும் சுவடிகளின் பெயர்களே எண்ணை ஒரு பொருளோடும் அளவோடும் பிணைத்து நிற்கின்றன. பொன் நிறுப்பாரும் நெல் அளப்பாரும் உள்ள சமுதாயத்தில், எதனது எண் என்ற வினா முந்தி எழுந்தது. அப்பள்ளிகளின் மனனமுறைக்கும் தண்டனைகளுக்கும், அங்கே நுழைய இயலாதிருந்த சாதியினரின் நிலைக்கும் நாம் பரிந்து பேசவேண்டியதில்லை.

மொழிபற்றியும் சில கூறவேண்டும். முக்கோணி என்ற பெயரிலேயே எண் உண்டு. ஆனால் 'மு' என்பதிற் பிள்ளை மூன்றைக் கேட்கின்றதா? வீட்டிலே அது 'மூண்டு', பள்ளியிலே 'மூன்று', உருவத்தின் பெயரிலே 'மு'. நாற்காலி என்ற சொல்லாவது துணைசெய்யும் என்றால், நம் பிள்ளைக்கு அது கதிரை! போர்த்துக்கேயர் தந்த சொல்லில் கால்களின் எண்ணிக்கை இல்லை. செவ்வகத்தைச் சுட்டப் பேச்சில் வழங்கும் 'நீள்சதுரம்' என்ற பெயர் பிறிதொரு சிக்கலைத் தருகின்றது. நீண்டதே நீள்சதுரம் எனப் பழகிய பிள்ளை, சதுரமும் செவ்வகத்தின் ஒரு வகையே என்பதைப் பின்னர் பாடசாலையிற் கற்கும்பொழுது இடர்ப்படும். நான்கு வயதில் அதனை விளக்க முற்படுவது வீண்வேலை. 'சதுரம் செவ்வகமல்ல' என்று கற்பியாதிருந்தாற் போதுமானது. ஒருமை பன்மையும் கவனத்திற்குரியது. ஆங்கிலம், ரஷ்யம் ஆகியவற்றைப் பேசும் பிள்ளைகள், பன்மை விகுதி கட்டாயமல்லாத யப்பானிய மொழிப் பிள்ளைகளிலும் பார்க்கச் சற்று முந்தி ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் பொருளை உணர்ந்தமையை 2007 இல் சார்னெக்கா முதலியோர் காட்டினர். தமிழிலும் அஃறிணைப் பெயர்க்குக் 'கள்' விகுதி கட்டாயமன்று; 'மூண்டு முக்கோணி' என்பதே பேச்சு வழக்கு. நம் பிள்ளைகளிடையே இதனை ஆராய்தல் நமது கல்வியியல் மாணவர்க்குத் தக்கதொரு பணியாகும்.

இனி, கற்பிக்கும் முறையை நோக்குவோம். பிள்ளை முதலில் அறிவது திண்மங்களையே: பந்து, தீப்பெட்டி, போத்தல் மூடி. 1837 இல் பாட் பிளாங்கென்பேர்க்கில் தமது சிறுவர் பள்ளியைத் தொடங்கிய புறோபெல், கோளம், உருளை, சதுரமுகி ஆகியவற்றைக் கையிற் கொடுத்து அவற்றிலிருந்தே தளவுருவங்களுக்குச் சென்றமை இதனாலேயே. மொன்டிசோரி அம்மையாரின் மரச்சட்டங்களிலே பிள்ளை உருவத்தின் ஓரத்தை விரலால் தடவி அறியும். 1944 இல் அவர் இலங்கைக்கும் வந்தார். இன்று நமது ஊர்களில் முன்பள்ளி எதுவாயினும் 'மொன்டிசோரி' என்றே அழைக்கப்படுகின்றது. பெயர் நிலைத்துவிட்டது, மரச்சட்டங்களைத்தான் காணோம்.

அவற்றை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் சார்வோலையையும், மலையகத்திற் கடதாசிப்பெட்டி மட்டையையும் வெட்டிப் பலவகை உருவங்களை ஆக்கலாம். கூரிய முக்கோணி, பரந்த முக்கோணி, ஒரு பக்கம் வளைந்த போலி முக்கோணி, மூலை மழுங்கிய சதுரம் ஆகியன கலந்திருத்தல் நன்று. எத்தனை என்று கேட்பதற்கு முன்னர், 'இது முக்கோணியா? எப்படித் தெரியும்?' என்று கேட்டல் வேண்டும். கையிலுள்ள ஓலைத் துண்டைப் பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்க்கும். தலைகீழ் முக்கோணி என்ற பிரச்சினை அங்கே தானாகவே மறைகின்றது. தாளிலும் பிள்ளைகள் இதனைச் செய்ய முயல்வர். தாளையே சுழற்றிப் பார்ப்பர். 'தாளை நேராக வை' என்று அதட்டி நிறுத்துபவர்கள் நாமே.

மூலைகளை எண்ணும்பொழுது வேறொரு தொல்லை எழும். உருவத்தைச் சுற்றிவரும் விரலுக்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை. முக்கோணிக்கு ஐந்து மூலை கண்டவரும் உளர். மூலைக்கொரு புளியங்கொட்டையை வைக்கச் செய்து, பின் கொட்டைகளை எடுத்து வரிசையாக அடுக்கச் செய்தால், ஒன்றுக்கு ஒன்று என்ற தொடர்பு கண்முன் நிற்கும். அடுத்துப் பக்கங்களுக்கு ஈர்க்குத் துண்டுகளை வைக்கலாம். கொட்டையும் ஈர்க்கும் தொகையில் ஒத்திருப்பதனைச் சில பிள்ளைகள் தாமே கூறுவர். கூறாதவரிடம் அதனைக் கறந்தெடுக்க வேண்டியதில்லை.

அலகினைப் பற்றிய விவாதத்திற்குச் சன்னல் நல்ல பொருள். நான்கு கண்ணாடிகள் பொருத்திய சதுரச் சன்னலொன்றில் சதுரங்கள் எத்தனை? ஒரு பிள்ளை 'நாலு' என்னும். மற்றொன்று 'ஒண்டு' என்னும். 'அஞ்சு' என்பதும் அரிதாக எழலாம். மூவரும் சரியே. 'எதை எண்ணினீர், காட்டும்' என்று கேட்டாலன்றி அவர்களது சிந்தனை வெளிப்படாது. பின்னர் ஒரு சதுர ஓலையை மூலைக்கு மூலை வெட்டிக் காட்டலாம். ஒரு சதுரம் போய் இரண்டு முக்கோணிகள் வந்தன; ஓலை கூடவுமில்லை, குறையவுமில்லை. பியாசேயின் வில்லைகள் பரப்பினும் தொகை மாறாதவை; இங்கோ பொருள் அதுவாகவே இருக்க, அலகு மாறுவதால் தொகை மாறுகின்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த பிள்ளைக்குப் பின்னாளில் பின்னம் அச்சமூட்டுவதில்லை என்பது எமது துணிபு.

இவ்வாறு கற்பிப்பதற்கு நேரம் தேவை. அந்நேரம் யாருக்கு உண்டு என்பது கல்வி உளவியலை விட்டுச் சமூகத்தை நோக்கி எழும் வினா. 1945 முதல் நாம் பெருமையுடன் பேசும் இலவசக் கல்வி, ஐந்து வயதில் முதலாம் தரத்துடன் தொடங்குவது. அதற்கு முந்திய பருவம் 1987 இன் பின்னர் மாகாண சபைகளின் விடயமாயிற்று; முன்பள்ளிகளிற் பெரும்பாலானவை தனியாராலும் மத நிறுவனங்களாலும் கிராமச் சங்கங்களாலுமே நடத்தப்படுகின்றன. கட்டணம் கொடுக்கும் பெற்றோர் பயனைக் கண்ணாற் காண விரும்புவது இயல்பு. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் நான்கு வயதுப் பிள்ளைமீதும் விழுகின்றது. வண்ணக் கட்டைப்பெட்டிகள் உள்ள வீட்டுப் பிள்ளை முக்கோணியைப் பல நிலைகளிற் புரட்டிப் பார்த்தபின் தாளுக்கு வருகின்றது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலிருந்தோ கரையோரக் குடிசையிலிருந்தோ வரும் பிள்ளைக்கு அத்தாளே முதல் முக்கோணியாக இருக்கலாம். இருவருக்கும் ஒரே கட்டம், ஒரே பேனை. அங்கு விழும் பிழை, உருவத்தைக் காணும் வாய்ப்பின்மையை எண்ணும் ஆற்றலின்மையாகப் பதிவுசெய்கின்றது.

இதற்கு ஆசிரியையைக் குறைகூறுதல் முறையன்று. சொற்பப் படியொன்றைப் பெற்று, இருபது முப்பது பிள்ளைகளைத் தனியே மேய்க்கும் ஒருவர், ஒவ்வொருவரிடமும் 'எதை எண்ணினீர்' என்று கேட்டுக்கொண்டிருத்தல் எளிதன்று. ஐவர் ஐவராகப் பிரித்து, நாளொன்றுக்கு ஒரு குழுவுடன் மட்டும் ஓலைத் துண்டுகளை வைத்து இருத்தலும் ஏனையோரை விளையாட விடுதலும் நடைமுறைக்கு ஒத்தன. ஆனால் விளையாட விடுதல் கற்பிக்காது விடுதலாகவே பெற்றோர்க்குத் தோன்றும். தவணை இறுதியில் அவர்கள் கேட்பது தாள்கள் நிறைந்த கோவையை. சன்னலில் ஒரு பிள்ளை கண்ட ஐந்தாவது சதுரத்தைக் கோவையில் இட்டுக் கொடுக்க முடியாது.