அதிபர் மாறினால் நாடு மாறுமா? - 9 ஆண்டுகளில் 7 அதிபர்களைப் பார்த்த பெரு!

2021 ஜூலை 28. தென் அமெரிக்க நாடான பெரு சுதந்திரம் பெற்றதாக அறிவித்து 200 ஆண்டுகள் நிறைந்த நாள். அன்று தலைநகர் லிமாவில் அதிபராகப் பதவியேற்றவர், தலையில் அகன்ற வைக்கோல் தொப்பியோடு வந்தார். பெயர் பெத்ரோ காஸ்டியோ. மலைகள் சூழ்ந்த கஹமார்கா பகுதியின் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயத் தம்பதியின் மகன். அவருடைய கட்சியின் சின்னம் பென்சில். 'பணக்கார நாட்டில் இனி ஏழைகள் இருக்கக் கூடாது' என்பது பிரசார முழக்கம்.

'நம்மில் ஒருவர் வந்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும்' என்று மலைக் கிராமங்கள் கொண்டாடின.

16 மாதங்கள்தான். 2022 டிசம்பர் 7 அன்று அதே காஸ்டியோ டி.வி-யில் தோன்றி, நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் கூடி அவரையே பதவிநீக்கம் செய்தது. அன்றே கைது. 2025 நவம்பரில் 11 ஆண்டுகளுக்கும் அதிகமான சிறைத்தண்டனை!

இது ஒரு தனி மனிதரின் சரிவு மட்டுமல்ல. 2016 ஜூலையில் இருந்து 2025 அக்டோபர் வரை பெருவில் 7 பேர் அதிபராகப் பதவியேற்றிருக்கிறார்கள். குசின்ஸ்கி, விஸ்காரா, மெரினோ, சகாஸ்டி, காஸ்டியோ, பொலுவார்தே, ஹெரி. ஒரு அதிபரின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். கணக்குப்படி இரண்டு பேரே போதும். ஏன் இப்படி?

87 ஓட்டு இருந்தால் போதும்!

பெருவின் அரசியலமைப்புச் சட்டம் 1993-ல், அல்பெர்டோ புஜிமோரி ஆட்சியில் எழுதப்பட்டது. அதன் 113-வது பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக அதிபர் பதவி காலியாகும் என்று சொல்கிறது. மரணம், ராஜினாமா போன்றவற்றோடு 'நிரந்தர தார்மிகத் தகுதியின்மை' என்ற காரணமும் அதில் இருக்கிறது.

பழைய சட்டங்களில் இருந்து தொடர்ந்து வரும் சொற்றொடர் இது. மனநலம் பாதிக்கப்பட்டு ஆட்சி நடத்த முடியாத நிலையைக் குறிக்கவே 19-ம் நூற்றாண்டில் அது சேர்க்கப்பட்டது என்று சட்ட அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். ஆனால், அதற்கு என்ன அர்த்தம் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. எனவே, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து 'இவருக்குத் தார்மிகத் தகுதி இல்லை' என்று சொன்னால் அதிபர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 130 உறுப்பினர்கள் கொண்ட அவையில் அதற்குத் தேவை 87 ஓட்டு.

அதிபர் கையிலும் ஓர் ஆயுதம் உண்டு. இரண்டு அமைச்சரவைகளை நாடாளுமன்றம் நிராகரித்தால், அவர் நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். 2019 செப்டம்பர் 30 அன்று அதிபர் மார்ட்டின் விஸ்காரா அதைத்தான் செய்தார். மறுதேர்தலில் வந்த புதிய நாடாளுமன்றம், 2020 நவம்பரில், கொரோனா உச்சத்தில் இருந்த ஆண்டிலேயே, 105 ஓட்டுகளால் அவரைப் பதவிநீக்கம் செய்தது.

ஜெயித்த அன்றே சிறுபான்மை

அப்படியானால் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல்.

பெருவில் அதிபர் தேர்தல் இரண்டு சுற்றாக நடக்கும். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள். ஆனால், நாடாளுமன்றத் தேர்தல் முதல் சுற்று நாளிலேயே முடிந்துவிடும். பல கட்சிகளுக்கிடையே ஓட்டு சிதறிக் கிடக்கும் நாள் அது.

2021-ல் முதல் சுற்றில் போட்டியிட்டவர்கள் 18 பேர். காஸ்டியோ வாங்கியது சுமார் 19 சதவிகிதம். அதற்கேற்ப அவருடைய கட்சிக்குக் கிடைத்தது 37 இடங்கள். இரண்டாம் சுற்றில், முன்னாள் அதிபர் புஜிமோரியின் மகள் கெய்கோவை சுமார் 44,000 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். கெய்கோ வரக் கூடாது என்பதற்காக ஓட்டுப் போட்டவர்களும் அதில் உண்டு. அதிபர் நாற்காலி கிடைத்தது, நாடாளுமன்றம் எதிரணியிடம் போனது.

2016-லும் இதே கதை. பெத்ரோ பாப்லோ குசின்ஸ்கி சுமார் 40,000 ஓட்டில் கெய்கோவைத் தோற்கடித்தார். ஆனால் நாடாளுமன்றத்தில் கெய்கோ கட்சிக்கு 73 இடங்கள், அதிபரின் கட்சிக்கு வெறும் 18! இரண்டு ஆண்டுகள்கூட முடியாமல், 2018 மார்ச்சில் குசின்ஸ்கி ராஜினாமா செய்தார்.

இதோடு இன்னொரு பலவீனமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே பல கட்சிகள் ஒரு தலைவரை நம்பித் தேர்தல் நேரத்தில் உயிர்பெறுபவை. அதிபர் சறுக்கினால் தாங்கிப்பிடிக்க ஆள் இருக்காது.

அதிபர்கள் மட்டும் உத்தமர்களா?

பழியை முழுக்க நாடாளுமன்றத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. ஒடெப்ரெக்ட் என்ற பிரேசில் கட்டுமான நிறுவனம், பல நாடுகளில் லஞ்சம் கொடுத்ததை 2016-ல் ஒப்புக்கொண்டது. அந்த அலை பெருவின் பெரிய தலைகளையெல்லாம் அடித்தது. முன்னாள் அதிபர் அலெஹாண்ட்ரோ டோலேடோவுக்கு 2024-ல் 20 ஆண்டு சிறை. ஒல்லான்டா உமாலாவுக்கு 2025-ல் 15 ஆண்டு. போலீஸ் கைது செய்ய வந்தபோது ஆலன் கார்சியா தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

லிமாவில் பார்பதில்லோ என்ற சிறை, முன்னாள் அதிபர்களை அடைத்துவைக்கும் இடமாகவே உலகப் புகழ் பெற்றுவிட்டது.

காஸ்டியோவும் ஊழல் புகார்களுக்கு நடுவில்தான் ஆட்சி நடத்தினார். 16 மாதங்களில் 5 பிரதமர்கள், 70-க்கும் மேற்பட்ட அமைச்சர்கள். கல்வியையோ சுகாதாரத்தையோ ஒழுங்காகக் கவனிக்க எந்த அமைச்சருக்கு நேரம் இருந்திருக்கும்?

விலை கொடுத்தவர்கள்

காஸ்டியோவுக்குப் பிறகு துணை அதிபராக இருந்த தினா பொலுவார்தே பதவிக்கு வந்தார். நாட்டின் முதல் பெண் அதிபர். புதிய தேர்தல் கேட்டு தெற்கு மலைப்பகுதி மக்கள் வீதிக்கு வந்தார்கள். பாதுகாப்புப் படைகள் சுட்டன. அந்தப் போராட்ட மாதங்களில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தார்கள்.

அடுத்து வந்தது மாமூல் கும்பல்களின் ராஜ்யம். லிமாவில் பஸ் ஓட்டுநர்களிடம் பணம் கேட்டு மிரட்டுவதும், கொடுக்காதவர்களைச் சுடுவதும் வழக்கமானது. 'வேலைக்குப் போனால் உயிரோடு திரும்ப வேண்டும்' என்பதற்காகவே போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். 2025 அக்டோபரில் மேடையில் பாடிக்கொண்டிருந்த இசைக்குழு மீதே துப்பாக்கிச்சூடு நடந்தது. அடுத்த சில நாள்களில், மூன்று ஆண்டுகளாக பொலுவார்தேவைத் தாங்கிப்பிடித்த கட்சிகளும் சேர்ந்து நள்ளிரவில் அவரை நீக்கின. நாடாளுமன்றத் தலைவராக இருந்த 38 வயது ஹோசே ஹெரி அதிபரானார். அவர் பதவியேற்ற ஒரே வாரத்துக்குள் நடந்த போராட்டத்தில் ஓர் இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அதிபர் மாறினார். துப்பாக்கிச் சத்தம் மாறவில்லை.

நிலைத்து நின்றவை

இத்தனை கொந்தளிப்பிலும் பெருவின் நாணயமான சோல் பெரிதாகச் சரியவில்லை. காரணம், மத்திய வங்கி. அதன் தலைவர் ஹூலியோ வெலார்டே 2006-ல் இருந்து அதே பதவியில் இருக்கிறார். அரசியல்வாதிகள் கைவைக்க முடியாத சுதந்திரத்தை அந்த வங்கிக்குச் சட்டம் கொடுத்திருக்கிறது. விதி வலுவாக இருந்த இடத்தில் வேலை நடந்தது!

இன்னோர் உதாரணம் பிரான்சிஸ்கோ சகாஸ்டி. 2020 நவம்பரில், விஸ்காராவை நீக்கிவிட்டு வந்த மெரினோ, இரண்டு இளைஞர்கள் பலியான போராட்டத்தால் ஒரே வாரத்துக்குள் விலகினார். அடுத்து வந்த சகாஸ்டிக்கு இருந்தது 8 மாதங்கள்தான். அவர் நாட்டையே மாற்றப்போவதாகச் சொல்லவில்லை. கொரோனா தடுப்பூசி வாங்க வேண்டும், தேர்தலை ஒழுங்காக நடத்த வேண்டும். இரண்டையும் செய்துவிட்டு, குறித்த நாளில் பதவியை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

2026-ல் என்ன?

அடுத்த பொதுத்தேர்தலுக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 ஏப்ரல் 12. நாடாளுமன்றம் இந்த முறை இரண்டு அவைகளாகிறது. 60 செனட்டர்கள், 130 பிரதிநிதிகள். இதில் ஒரு வேடிக்கை, இரண்டு அவை வேண்டுமா என்று 2018-ல் மக்களிடமே கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். 2024-ல் நாடாளுமன்றம் அதைத் தானாகவே கொண்டுவந்துவிட்டது. புதிய செனட்டை அதிபரால் கலைக்க முடியாது. பதிவு செய்த கட்சிகளோ 40-க்கும் மேல். ஓட்டு இந்த முறையும் சிதறும். தார்மிகத் தகுதியின்மை என்ற சொற்றொடரும் அகற்றப்படவில்லை.

புதிய அதிபரால் எதுவுமே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. நேர்மையான ஒருவர் வந்தால் சில நல்ல காரியங்கள் நடக்கும், சகாஸ்டி அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு நாற்காலியில் இருப்பவரை மட்டும் மாற்றிவிட்டு, எதிரே இருக்கும் நூற்றுக்கணக்கான நாற்காலிகளையும், அவற்றை ஆட்டுவிக்கும் விதிகளையும் கண்டுகொள்ளாமல் விட்டால், அடுத்த பதவியேற்பு விழாவுக்கு அதிக நாள் காத்திருக்கத் தேவையிருக்காது.

முதல் சுற்று நாளில் பெருவின் வாக்காளர் கையில் அதிபருக்கான ஓட்டும் இருக்கும், நாடாளுமன்றத்துக்கான ஓட்டும் இருக்கும். பிரசார மேடை முழுக்க முதல் ஓட்டைப் பற்றித்தான் பேசும். வெல்கிற அதிபர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்பதை முடிவு செய்யப்போவது இரண்டாவது ஓட்டு!