மதிலற்ற மாநகரில் ஒரு பகல்

ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஸ்பெயின் தேசத்துக்குரிய கனேரித் தீவுகளுள் பெரியதாகிய தெனெரீஃபில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், மேகங்கள் வந்து தங்கிச் செல்லும் சமவெளியொன்றில் லா லகூனா நகரம் அமைந்திருக்கிறது. கீழே துறைமுகமாகிய சாந்தா குரூஸில் வெயில் கொளுத்தும்போதே இங்கு தூறல் விழுவதுண்டு. ஆதலால் அங்கிருந்து டிராமில் ஏறி வரும் பிரயாணி கம்பளிச் சட்டையைக் கையோடு கொண்டுவருவது நலம்.

குவாஞ்சே என்னும் பூர்வகுடிகளை 1496இல் அடக்கியபின் அலோன்சோ பெர்னாண்டஸ் தெ லுகோ நிறுவிய இந்நகருக்கு மதில் கிடையாது. வென்றவர்கள் கோட்டைக்குள் ஒடுங்கி வாழ்வதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், நேரான வீதிகளும் விசாலமான சதுக்கங்களுமாக, திறந்த வெளியில் அளந்து அமைக்கப்பட்ட இத்திட்டமே பின்னர் அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் எழுப்பிய பல நகரங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. 1588இல் தொரியானி என்ற இத்தாலியப் பொறியாளர் வரைந்த படம் இன்றைய வீதிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. 1999இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதற்கு இத்திட்டமே காரணம்.

கோயில்களைக் காட்டிலும் வீட்டு முற்றங்களிலேயே இந்நகரின் அழகு குடிகொண்டிருக்கிறது என்பேன். ஜெனோவாவிலிருந்து வந்த வணிகக் குடும்பத்தார் கட்டிய லெர்காரோ மாளிகை இப்போது சரித்திரக் காட்சிசாலை. வீதியிலிருந்து பார்க்கையில் கண்டிப்பான கல்முகம். உள்ளே நுழைந்தாலோ, பைன் மரத்தில் செதுக்கிய தாழ்வாரங்கள் சூழ, வானம் நேரே இறங்கும் முற்றம். பழைய வீதிகளில் நடக்கும்போது அண்ணாந்து பார்த்தால், ஓடுகளின் இடுக்கில், ஈரப் புழுதியையே மண்ணாகக் கொண்டு, வெரோதே என்னும் சதைப்பற்றுள்ள செடிகள் கொத்துக் கொத்தாய்த் தழைத்திருக்கும்.

பிரேசிலுக்குச் சென்று துப்பி மொழிக்கு இலக்கணம் வகுத்த ஜோசே தெ அன்சியேத்தா 1534இல் பிறந்தது இவ்வூரிலேதான். அவரைப்போலவே போர்த்துகலின் கொயிம்பிராவில் பயின்று இயேசு சபையில் சேர்ந்த அண்ட்ரிக் அடிகளார், ஏறக்குறைய அதே காலத்தில் நமது முத்துக்குளித்துறையில் தமிழ் இலக்கணம் எழுதினார் என்பதை நினைக்கையில், இந்தத் தூரத்துத் தீவின்பால் ஓர் உறவுணர்ச்சி தோன்றுகிறது.

1792இல் அரசாணை பெற்று, இடையே பலமுறை நின்று தொடர்ந்த சர்வகலாசாலையே இன்று ஊரின் உயிர். மாலையில் மாணவர் கூட்டம் காப்பிக் கடைகளை நிறைத்து, இராவரையில் வாதித்துக்கொண்டிருக்கும்; எனவே விடுமுறை மாதங்களை விலக்கி, வகுப்புகள் நடக்கும் காலத்தில் அங்கே செல்வதே உத்தமம்.