மெட்ரோ பக்கத்தில் 20 மாடி... பூந்தமல்லி பக்கம் வீடு பார்க்கிறீர்களா? மௌலிவாக்கத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்!

போரூர் தாண்டி பூந்தமல்லி நோக்கி வண்டியில் போனால், தலைக்கு மேலே மெட்ரோ பாலம், இரண்டு பக்கமும் அடுக்குமாடி விளம்பரங்கள். ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி... "அவ்வளவு தூரமா?" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்த ஊர்களெல்லாம் இப்போது 'மெட்ரோவுக்கு நடந்துபோகும் தூரம்' ஆகிவிட்டன.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி வரை 26.1 கி.மீ மெட்ரோ பாதை. 2025 மார்ச்சில் பூந்தமல்லி பக்கம்தான் இதன் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. கோயம்பேட்டில் இருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரைக்கும் இன்னொரு பாதைக்குத் திட்டம் தயாராகியிருக்கிறது. மெட்ரோ வந்தால் நில விலை ஏறும். விலை ஏறினால் கட்டடம் உயரும். ஸ்டில்ட் பிளஸ் த்ரீ பார்த்துப் பழகிய நம் ஏரியாவுக்கு 15 மாடி, 20 மாடி எல்லாம் புதுசு.

உயரமே ஆபத்து என்று சொல்ல வரவில்லை. மவுன்ட் ரோடு எல்.ஐ.சி கட்டடம் 1959-ல் திறந்தது. 177 அடி. 1975-ல் பெரிய தீ விபத்தைப் பார்த்தும் இன்றுவரை கம்பீரமாக நிற்கிறது. பெரம்பூரில் பழைய பின்னி மில் நிலத்தில் 40 மாடிகளைத் தாண்டிய குடியிருப்புகளே வந்துவிட்டன. ஆனால், மேற்குப் புறநகரில் உயரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு ஊரைத் தாண்டிப் போக முடியாது.

அந்தச் சனிக்கிழமை

2014 ஜூன் 28. போரூரில் இருந்து குன்றத்தூர் போகும் வழியில் இருக்கும் மௌலிவாக்கம். அங்கே 11 மாடியில் இரண்டு கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வளாகத்தின் பெயர் 'ட்ரஸ்ட் ஹைட்ஸ்'. இரண்டு பிளாக்குகளுக்கும் 'தி ஃபெய்த்', 'தி பிலீஃப்' என்று பெயர். மூன்றுமே நம்பிக்கையைச் சொல்லும் சொற்கள்!

மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் ஒரு பிளாக் அப்படியே சரிந்து உட்கார்ந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கிட்டத்தட்ட ஒரு வாரம் இடிபாடுகளைக் குடைந்தார்கள். 27 பேரை உயிரோடு மீட்டார்கள். மூன்று நாள் கழித்துக்கூட உயிரோடு ஆள் கிடைத்த அதிசயம் நடந்தது. 61 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் ஆந்திரா, ஒடிசாவில் இருந்தும் தமிழக மாவட்டங்களில் இருந்தும் வேலைக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். அந்த வீடுகளில் ஒன்றைக்கூட வாங்க வழியில்லாதவர்கள்.

இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. பக்கத்துப் பிளாக்கும் சுற்றியிருந்த வீடுகளும் நின்றுகொண்டிருக்க, இடி மட்டும் ஆள் பார்த்து விழுமா என்ன? ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டடத்தின் எடையைத் தாங்கும்படி தூண்களும் அடித்தளமும் வடிவமைக்கப்படவில்லை என்பதுதான் விசாரணைகளில் வெளிவந்த விஷயம்.

மிஞ்சி நின்ற இன்னொரு பிளாக்கையும் நம்ப முடியவில்லை. வழக்குகள் நடந்து, கடைசியில் 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். சுற்றுவட்டாரக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டுப் பிற்பகலில் செய்யவேண்டிய வேலை, தள்ளித் தள்ளி ஏழு மணியை நெருங்கிவிட்டது. பிறகு சில நொடிகள்தான். நொய்டா இரட்டைக் கோபுரத்தைத் தகர்த்ததை 2022 ஆகஸ்ட்டில் நாடே டி.வி-யில் பார்த்தது. அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பே நம் போரூர் பக்கம் அது நடந்துவிட்டது.

இன்று என்ன மாறியிருக்கிறது?

மௌலிவாக்கத்துக்கு ஆசையாக முன்பணம் கட்டியவர்கள் போய் நிற்க அன்று ரெரா கிடையாது. சட்டம் 2016-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2017-ல் விதிகள் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால், ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. நம்மிடம் வாங்கும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்த நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் கேட்கவும் கூடாது. 'இன்னிக்கே புக் பண்ணா ஆஃபர் சார்' என்று போனில் துரத்துகிறவரிடம் முதலில் ரெரா எண்ணைக் கேளுங்கள்.

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது 'உயர்மாடிக் கட்டடம்'. சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விட வேண்டும். 30 மீட்டருக்கு மேல் போனால், ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னும் ஒரு மீட்டர் கூடும். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்புவதற்கான இடம் அது. சைட் பார்க்கப் போகும்போது மாடல் ஃப்ளாட்டில் ஏ.சி காற்று வாங்கியது போதும், வெளியே வந்து இந்த இடைவெளியையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

உங்கள் பங்கு எவ்வளவு?

விற்பனைப் பிரதிநிதி சீக்கிரமாகக் கடந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. அது யு.டி.எஸ்... அதாவது, பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பெயரில் பதிவாகும் பங்கு. நாளைக்கே கட்டடம் இல்லாமல் போனாலும் கையில் நிற்பது அதுதான்.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலம் என்று வையுங்கள். சாதாரண அடுக்குமாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. மொத்தம் 4,800 சதுர அடி கட்டலாம். அதில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 500 சதுர அடி நிலம் கிடைக்கும். 18 மீட்டர் அகலச் சாலையில் இருக்கும் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 வரை அனுமதி உண்டு. அதே கணக்கில் உங்கள் பங்கு சுமார் 308 சதுர அடி. அரசுக்குக் கட்டணம் செலுத்தி 50 சதவிகிதம் வரை கூடுதலாகக் கட்டினால், சுமார் 205 சதுர அடிதான். உண்மையான கணக்கில் பொது இடங்களைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும், மாடி ஏற ஏறக் காலடி மண் குறைகிறது என்பது மட்டும் மாறாது. விலையோ, மாடி ஏற ஏறக் கூடத்தான் செய்கிறது.

நம் பக்கத்தில் மண்ணைப் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, போரூர் ஏரி, செம்பரம்பாக்கம் என்று நீளும் ஊர்கள் இவை. ஏரி ஓரத்துக் களிமண்ணின் குணமும் சில கி.மீ தள்ளியிருக்கும் மண்ணின் குணமும் ஒன்றாக இருக்காது. மண் பரிசோதனை அறிக்கையையும், கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். நமக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. தெரிந்த சிவில் இன்ஜினீயர் ஒருவரிடம் காட்ட ஆகும் செலவு, மாதத் தவணையில் ஒரு துளி.

தண்ணீர், லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்புச் செலவையெல்லாம் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேட்பது நல்லது. லாரித் தண்ணீர் மாதம் எத்தனை நடை வருகிறது என்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் ஒன்று... சாவி வாங்கிய நாளில் இருந்து 5 வருடங்களுக்குள் கட்டமைப்புக் குறை ஏதாவது தெரிந்து நீங்கள் புகார் சொன்னால், 30 நாள்களுக்குள் பணம் வாங்காமல் சரிசெய்து தரவேண்டியது கட்டியவரின் பொறுப்பு என்கிறது ரெரா. விரிசல் கண்ணில்பட்டால் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, மின்னஞ்சலில் எழுத்துபூர்வமாகப் புகார் அனுப்பிவிடுங்கள். சாவி கொடுத்த அன்று தந்த கடிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்தே பீரோவில் வையுங்கள். அந்த 5 வருடக் கணக்கு அந்தத் தேதியில் இருந்துதான் தொடங்குகிறது.