இனி ஓவியர் எதற்கு?

சென்ற மாதம் நம் பங்கு இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். முள்முடி சூடிய இயேசுவின் திருமுகம். செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் வரைந்ததாம். அழகாகவே இருந்தது, அதை மறுப்பது நேர்மையன்று. "சுவாமி, இனி ஓவியர் எதற்கு?" என்று கேட்டார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

பிறகு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் புதிய 'ரெம்பிராண்ட்' ஓவியம் ஒன்று திறந்து காட்டப்பட்டது. அந்த டச்சு ஓவிய மேதை மறைந்ததோ 1669-இல்! அவருடைய 346 ஓவியங்களைக் கணினி ஆராய்ந்தது. அவர் மிகுதியாக வரைந்தது எவ்வகை உருவம்? கறுப்பு உடையும் வெண்ணிறக் கழுத்துப்பட்டையும் தொப்பியும் அணிந்த நடுவயது ஆடவர். அவ்வாறே ஒருவரை உருவாக்கி, தூரிகைத் தடத்தின் மேடுபள்ளமும் தோன்ற 13 அடுக்குகளாக அச்சிட்டனர். கைதேர்ந்த வேலைதான்.

ஆனால் ரெம்பிராண்ட் தம் இறுதி ஆண்டுகளில் வரைந்தது என்ன? ஊதாரி மைந்தனின் வருகை. இன்றும் ரஷ்யாவின் எர்மிட்டாஜ் காட்சிக்கூடத்தில் உள்ளது. அன்பு மனைவி சாஸ்கியாவையும் மூன்று மழலைகளையும் மண்ணுக்குக் கொடுத்தவர் அவர். 1656-இல் கடனில் மூழ்கி, வீடும் உடைமையும் ஏலம் போகக் கண்டவர். சாஸ்கியா பெற்றவர்களுள் எஞ்சியிருந்த ஒரே மகன் டைட்டசும் 1668-இல் மறைந்தான். மிகுதியானதைக் கணிக்கும் பொறி, நொந்த மனிதர் ஒரே ஒரு முறை சொல்வதை எங்ஙனம் கணிக்கும்?

பொறியை நாம் பழிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு மனித அறிவின் மற்றொரு வடிவமன்று, அதன் விளைபொருளே என்று 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடு தெளிவுறுத்துகிறது. எத்தனையோ ஓவியர் தீட்டிய திருமுகங்கள் இல்லையேல், அக்கைப்பேசிப் படந்தான் ஏது?

மறுவாரம் ரெம்பிராண்டின் ஓவியம் அச்சான பழைய நூலொன்றை அவ்விளைஞரிடம் விரித்து வைத்தோம். மழித்த தலை, காலினின்று நழுவிய தேய்ந்த செருப்பு, முதுகை அணைக்கும் தந்தையின் கைகள். நெடுநேரம் பார்த்திருந்தார்.

"சுவாமி, ஒரு கை அப்பாவின் கை போலவும் மற்றது அம்மாவின் கை போலவும் இருக்கிறதே!" என்றார்.

இத்தனை ஆண்டுகள் அப்படத்தை வைத்து மறையுரை ஆற்றிய நாம், அதைக் கவனித்ததில்லை.